பீப்பாய் அடுப்பு

எங்கள் வீட்டுக் கொல்லையில், தென்னை மரத்துக்கும் துணி உலர்த்தும் கொடிக்கும் நடுவே ஓர் இரும்புப் பீப்பாய் நிற்கிறது. முதல் தடவையாக வீட்டுக்கு வருகிறவர்கள் அது தண்ணீர் பிடித்து வைப்பதற்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள். கொட்டிவாக்கத்தில் அப்படி நினைப்பது இயற்கைதான். சித்திரை பிறந்தால் தண்ணீர் லாரிக்காகத் தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நின்று பழகிய ஊர் இது. ஆனால் அந்தப் பீப்பாயின் அடியில் நாலு ஓட்டைகள் இருக்கின்றன. ஓட்டைப் பீப்பாயில் தண்ணீர் பிடிக்கும் அளவுக்கு நாங்கள் இன்னும் பைத்தியமாகிவிடவில்லை.

அது ஓர் அடுப்பு. பதினான்கு வருஷம் அமெரிக்காவில் இருந்துவிட்டு என் தம்பி கொண்டுவந்த ஒரே சொத்து என்று என் மனைவி அதைப் பற்றிச் சொல்வாள். அதில் கொஞ்சம் மிகை உண்டு. பீப்பாயை அவன் கொண்டுவரவில்லை. பெருங்குடித் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் பழைய டிரம்மாக வாங்கினான். 200 லிட்டர் பிடிக்கும். மூன்றடிக்குக் கொஞ்சம் குறைந்த உயரம், இரண்டடிக்குக் கொஞ்சம் குறைந்த அகலம். அதை அடுப்பாக மாற்றுகிற வித்தையைத்தான் ஹூஸ்டன் நகரத்திலிருந்து கொண்டுவந்தான். அந்த வித்தையும் இங்கே வந்து சேர்ந்தபோது பாதி வழியில் தொலைந்துபோயிருந்தது.

அவன் திரும்பி வந்தது 2024ஆம் வருஷம் ஐப்பசியில். வேலை போய்விட்டது. எதற்காகப் போயிற்று, எப்படிப் போயிற்று என்று நாங்கள் கேட்கவில்லை; அவனும் சொல்லவில்லை. மாடி அறையில் இரண்டு பெட்டிகளை வைத்துவிட்டு, காலையில் கடற்கரைக்குப் போய் நடந்துவிட்டு வருவான். சாப்பிடுவான். மாடிக்குப் போய்விடுவான். "தம்பி ஒரு வார்த்தை பேசினால்கூட எனக்கு நிம்மதியாக இருக்கும்" என்று என் மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் ஆட்டோவில் பீப்பாய் வந்து இறங்கிற்று. ஒரு மனிதன் பேசாமல் இருப்பதைவிட, பீப்பாயோடு பேசுவது மேல் என்று நாங்கள் சும்மா இருந்துவிட்டோம்.

அவனுடைய திட்டம் இது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயங்காலமானால் கார்கள் வரிசையாக நிற்கின்றன. மீன் வறுவல் விற்கிறது, பரோட்டா விற்கிறது, பிரியாணிக்கோ கணக்கே இல்லை. டெக்ஸாஸ்காரர்கள் செய்வது போலப் புகையில் வாட்டிய கறி மட்டும் இங்கே இல்லை. அதை ஆட்டுக்கறியில் செய்து ஒரு சின்னக் கடை வைப்பது. கூடப் படித்த சிநேகிதர் ஒருவர், ருசி பார்த்துவிட்டுப் பாதிப் பணம் போடுவதாகச் சொல்லியிருந்தார்.

டெக்ஸாஸின் நடுப்பகுதியில் இது 19ஆம் நூற்றாண்டில் ஆரம்பித்த சமாசாரம். ஜெர்மனியிலிருந்தும் செக் நாட்டுப் பகுதிகளிலிருந்தும் அங்கே போய்க் குடியேறியவர்கள் கசாப்புக் கடை வைத்தார்கள். விற்காமல் மிஞ்சியதைப் புகையில் வாட்டி விற்றார்கள். பிறகு அதற்காகவே ஜனங்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். பீப்பாயை அடுப்பாக்குவதும் புதிது அல்ல. ஜமைக்காவில் தெருவோரத்தில் டிரம்மை நெடுக்காகப் பிளந்து அதில் கோழி வாட்டி விற்கிறார்கள். 1952இல் சிக்காகோவுக்குப் பக்கத்தில் ஜார்ஜ் ஸ்டீபன் என்ற ஒருவர், தாம் வேலை பார்த்த தொழிற்சாலையில் கடல் மிதவைக்காகச் செய்த இரும்புக் கோளத்தை அறுத்து, அடிப்பாதியைச் சட்டியாகவும் மேல்பாதியை மூடியாகவும் வைத்து அடுப்புப் பண்ணினார். மூடி போட்ட அடுப்பில் காற்றையும் மழையையும் சட்டை செய்யாமல் சமைக்கலாம் என்பது அவருடைய யோசனை. அது பெரிய வியாபாரமாக வளர்ந்தது. கடல் மிதவைக்கு வந்த யோகம், எங்கள் வீட்டுப் பீப்பாய்க்கு வராமலா போய்விடும் என்று நானும் நினைத்தேன்.

அமைப்பு மிகவும் எளியது. அடியில் நாலு துவாரங்கள். மூன்றை மூடி போட்டு அடைக்கலாம், நாலாவதில் தண்ணீர்க் குழாய்க்கு வைக்கிற வால்வு ஒன்றைத் திருகியிருக்கிறது. உள்ளே கம்பி வலையில் செய்த ஒரு கரிக்கூடை. சாம்பல் கீழே உதிர்வதற்காக அதற்குக் கால் வைத்திருக்கிறது. கரிக்கு மேலே இரண்டடி உயரத்தில் கம்பித்தட்டு, அதன்மேல் கறி. மேலே மூடி, மூடியில் புகை போக வழி. பக்கத்தில் ஓர் உஷ்ணமானி. அவ்வளவுதான். பழைய டிரம் என்பதால் முதலில் உள்ளே விறகைப் போட்டுப் பெரிய தீயாக எரித்து, உட்பூச்சையெல்லாம் பொசுக்கினான். துத்தநாகம் பூசிய பீப்பாயை இந்தக் காரியத்துக்குத் தொடவே கூடாது, சூட்டில் விஷப்புகை வரும் என்றான். அன்றைக்கு எழுந்த புகையைப் பார்த்துவிட்டு, பின்தெரு அடுக்குமாடி வீட்டிலிருந்து ஒருவர் வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். நல்ல மனுஷர். வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்.

கஷ்டமெல்லாம் அந்த உஷ்ணமானியில் இருந்தது. பீப்பாய்க்குள் சூடு 107 டிகிரிக்கும் 120 டிகிரிக்கும் நடுவே நிற்க வேண்டும். ஒரு மணி இரண்டு மணி அல்ல. ஐந்து, ஆறு மணி நேரம். ஏறினால் மேலே கருகி உள்ளே வேகாது. இறங்கினால் கறி வேகாமல் புகையை மட்டும் குடித்துக்கொண்டு கிடக்கும். எலும்பை ஒட்டிய சவ்வும் நரம்பும் மெதுவான சூட்டில்தான் கரைந்து பசையாக மாறும். அவசரப்பட்டால் செருப்புத் தோல்தான் கிடைக்கும்.

முதல் தடவை நடந்த விபத்துக்கு முழுப் பொறுப்பும் என்னுடையது. தம்பி காலையில் எல்லாவற்றையும் ஏற்றி வைத்துவிட்டு, ஏதோ வாங்குவதற்காகத் திருவான்மியூர் வரையில் போனான். போகும்போது, "அண்ணா, 225ஐத் தாண்டாமப் பாத்துக்கோ" என்றான். நான் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். முள் 110இல் நின்றது. கால் மணி நேரம் பார்த்தேன், நகரவில்லை. 225க்குப் பாதிகூட வரவில்லையே, பாவம், கடைக்குப் போனவன் திரும்பி வருவதற்குள் நாமாவது உபகாரமாக இருப்போம் என்று மூன்று துவாரங்களின் மூடியையும் எடுத்துவிட்டேன். பிறகு ஒரு விசிறியையும் எடுத்துக்கொண்டேன். அவன் திரும்பி வந்தபோது முள் 220ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. நான் வியர்வை சொட்டச் சொட்ட வெற்றிகரமாக நின்றுகொண்டிருந்தேன்.

அவன் சொன்ன 225 அமெரிக்கக் கணக்கு, பாரன்ஹீட். நம்முடைய கணக்கில் அது 107. இங்கே வாங்கிய உஷ்ணமானியோ சென்டிகிரேடு. என் பௌதிகம் பன்னிரண்டாம் வகுப்போடு முடிந்துபோயிற்று என்றாலும், இது கூடவா தெரியாமல் போக வேண்டும்? ஆட்டுத் தொடை கரிக்கூடையிலிருந்து எடுத்த கட்டை மாதிரி இருந்தது. தம்பி அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "பரவாயில்லண்ணா" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவனே கிட்ட இருந்து செய்தான். அப்போதும் சரிப்பட்டு வரவில்லை. ஒரு தடவை சூட்டுக்குப் பயந்து எல்லாத் துவாரங்களையும் அடைத்தான்; நெருப்பு மூச்சு முட்டி வெள்ளைப் புகையாகக் கக்கிற்று. கறி கசந்தது. இன்னொரு தடவை கொட்டாங்கச்சிக் கரி வாங்கிப் போட்டான்; பிரமாதமாகப் பற்றிக்கொண்டது, எங்களால் பிடித்து நிறுத்த முடியவில்லை. பிறகு கட்டைக் கரிக்கு மாறினான். சென்னைக்கு வருகிற கட்டைக் கரியில் பெரும்பங்கு ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கத்துச் சீமைக் கருவேலங்கரி. கனமாக, நின்று எரியும். ஆனால் மூட்டையில் பாதி தூள். தூள் அடைத்துக்கொண்டால் காற்றுப் போகாது. சலித்துப் போட வேண்டும் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு மாதம் ஆயிற்று.

எல்லாவற்றுக்கும் மேலே கடற்காற்று. எங்கள் வீட்டிலிருந்து கடல் நாலு தெரு தள்ளி இருக்கிறது. காலை பத்து மணி வரையில் பீப்பாய் சமர்த்தாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் கிழக்கேயிருந்து காற்று எழும்பும். அது துவாரத்துக்குள் புகுந்ததோ இல்லையோ, முள் குதிக்கும். முப்பது டிகிரி, நாற்பது டிகிரி. தம்பி வால்வைத் திருகுவான். முள் இறங்காது. இன்னும் திருகுவான். பத்து நிமிஷம் கழித்து இறங்க ஆரம்பிக்கும், இறங்கிக்கொண்டே போகும். பயந்துபோய்த் திறப்பான். மறுபடி ஏறும். மத்தியானம் முழுவதும் அவனும் முள்ளுமாகத் துரத்திக்கொண்டிருப்பார்கள். நடுநடுவே நான் வேறு போய் மூடியைத் தூக்கி, "எப்படி இருக்கு?" என்று எட்டிப் பார்ப்பேன். மூடியைத் தூக்கினால் உள்ளே இருந்த சூடு போய்விடுகிறது. போதாததற்கு வேண்டிய மட்டும் காற்றும் உள்ளே போகிறது. மூடின பிறகு நெருப்பு இரண்டு மடங்காகிவிடும். "அண்ணா, தயவு பண்ணி மூடியைத் தொடாதே" என்று அவன் பல தடவை சொன்னான். என்னால் முடியவில்லை. மூடி போட்ட எதையும் திறந்து பார்த்துவிட வேண்டும் என்பது என் தொழிலோடு வந்த வியாதி.

ஒரு நாள் மழைத் தூறல். தம்பி பீப்பாயைக் கார் நிறுத்தும் கொட்டகைக்குள் தள்ளலாமா என்றான். என் மனைவி குறுக்கே நின்றுவிட்டாள். மூடிய இடத்தில் கரிநெருப்பு வைத்துவிட்டுத் தூங்கியவர்கள் எழுந்திருக்காமலே போனதைப் பத்திரிகையில் எத்தனை தடவை படித்திருக்கிறேன் என்றாள். அவள் சொன்னது சரி. கரியிலிருந்து வருகிற அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அன்றைக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றோம்.

எங்கள் வீட்டுக்கு எதிரே புதிதாகக் கட்டிய அடுக்குமாடி வீட்டில் ஒரு காவல்காரப் பெரியவர் இருக்கிறார். முதுகுளத்தூர்ப் பக்கம். அறுபத்தைந்து வயசுக்கு மேல் இருக்கும். இந்தக் கூத்தையெல்லாம் அவர் கேட்டுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். தை மாதக் கடைசியில் ஒரு நாள், பொறுக்க முடியாமல் எழுந்து வந்தார்.

"தம்பி, கோவிச்சுக்கிராதீக. அந்த வட்டத்தப் பாத்துப் பாத்துக் கெடுக்குறீக. பொகையப் பாருங்க."

"புகையில என்னங்க தெரியும்?"

"எல்லாந் தெரியும். நாங்க ராத்திரி முச்சூடும் வேற எதப் பாத்தோம்?"

அவர் இருபது வருஷத்துக்கு மேல் கரிமூட்டம் போட்டவர். வாசகர்களில் பலர் கரி மூட்டத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் ஒரு தடவை பரமக்குடிக்குப் போகிற வழியில் ரயிலிலிருந்து பார்த்திருக்கிறேன். யாரோ தரையில் ஒரு குன்றைச் செய்து அதற்குப் புகை பிடிக்கக் கொடுத்திருக்கிறார்கள் என்று தோன்றிற்று. வெட்டின விறகை நெருக்கமாக அடுக்கி, மேலே வைக்கோலையும் தழையையும் போர்த்தி, அதன்மேல் மண்ணைக் குழைத்துப் பூசி மூடிவிடுகிறார்கள். நெருப்பு வைத்த பிறகு உள்ளே எரியக் கூடாது, வேக வேண்டும். அளவைப் பொறுத்து நாட்கணக்கில் வேகும். காற்றுக்காக அங்கங்கே சின்னத் துளைகள். முதலில் வருகிற புகை வெள்ளையாகக் கனத்து வரும். விறகிலிருக்கிற ஈரம் அது. பிறகு மெலிந்து நீலமாகும். எந்தப் பக்கம் நீலம் வந்ததோ அந்தப் பக்கத்துத் துளையை அடைத்துவிட்டு, வேறு பக்கம் திறக்க வேண்டும். ராத்திரியில் எங்காவது மண் வெடித்தால் உடனே ஈர மண்ணை அப்ப வேண்டும். காவலிருப்பவன் கண் அசந்தால் உள்ளே காற்றுப் புகுந்து, விடிவதற்குள் அத்தனை விறகும் சாம்பல். முதலாளி கூலியில் பிடிப்பார்.

"வெடிப்பு எங்கனு நெருப்புக்குத் தெரியும், நமக்குத் தெரியாது" என்றார் பெரியவர். "உங்க டிரம்முல மூடியச் சுத்தி வெடிப்புத்தான். அடைக்காம அடியில திருகி என்ன செய்ய?"

அவர் சொன்னதையெல்லாம் தம்பி பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கேட்டுக்கொண்டான். அமெரிக்காவில் கேள்விப்பட்டு மறந்துபோனது பாதி அதில் இருந்தது என்று பிறகு சொன்னான். கரி முழுவதையும் பற்றவைக்கக் கூடாது. கூடை நிறையப் பற்றாத கரி. அதன்மேல் ஒரு மூலையில் பத்துத் துண்டுத் தணல். அது மெதுவாகப் பக்கத்துக் கரிக்குக் கைமாறிக்கொண்டு போகும். அங்கேயும் ஜிம் மினியன் என்ற ஒருவர் பெயரால் இந்த முறையைச் சொல்கிறார்களாம். மூடியின் விளிம்பை ஈரக் களிமண்ணால் பூசிவிட வேண்டும். பிரியாணிக்குத் தம் போடுகிறவர்கள் மாவு பூசுவது இதற்குத்தானே? மூடியிலுள்ள புகைவழியை முழுக்கத் திறந்தே வைக்க வேண்டும். அதை அடைத்தால்தான் கசப்பு. அடியில் மூன்றை அடைத்துவிட்டு, வால்வு வைத்த ஒன்றை மட்டும் காற்றுக்கு முதுகு காட்டித் திருப்பி வைக்க வேண்டும். 90 டிகிரி வரும்போதே வால்வைக் குறைக்க ஆரம்பித்துவிட வேண்டும். ஏற்றுவது சுலபம், இறக்குவது மகா கஷ்டம். திருகினால் கால் திருகு. பிறகு இருபது நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். இரும்புக்குச் சேதி போய்ச் சேர அவ்வளவு நேரம் ஆகும். தணலுக்கும் கறிக்கும் நடுவே ஒரு மண்சட்டியில் தண்ணீர். தண்ணீர் இருக்கும் வரையில் அது 100 டிகிரியைத் தாண்டாதல்லவா? அதிகப்படிச் சூட்டை அது வாங்கி வைத்துக்கொள்ளும்.

"பகல்ல வேண்டாம். ராத்திரி பண்ணுங்க. கரைக்காத்து சாதுவா இருக்கும்" என்று கடைசியாகச் சொன்னார்.

இதைக் கேட்டபோது எனக்கு எங்கள் அம்மாவின் குமுட்டி அடுப்பு ஞாபகம் வந்தது. சமையல் முடிந்ததும் தணலின் மேல் சாம்பலைத் தூவி, பால் பாத்திரத்தை அதன்மேல் வைத்துவிடுவாள். சாயங்காலம் வரையில் பால் கொதிக்கவும் கொதிக்காது, ஆறவும் ஆறாது. பழுப்பாகத் தடித்த ஆடை படிந்திருக்கும். அந்த ஆடைக்காக நானும் தம்பியும் போட்ட சண்டைகள் கொஞ்சமல்ல. அப்பா வந்து பாதியாகப் பங்கு வைப்பார். எப்போதும் அவன் பாதி கொஞ்சம் பெரிதாக இருப்பதாக எனக்குத் தோன்றும்.

அப்பாவைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். 2017இல் அவர் காலமானார். தம்பி வரவில்லை. பணம் மட்டும் அனுப்பினான். கொள்ளி வைத்தது நான். பதினாறாம் நாள் வரை எல்லாவற்றையும் செய்ததும் நான். வந்தவர்கள் எல்லாரும் "சின்னவன் எங்கே?" என்று கேட்டார்கள். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. மூன்று மாதம் கழித்து நான் ஒரு கதை எழுதினேன். அப்பன் செத்ததற்கு வராமல் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்புகிற ஒரு பிள்ளை. அந்த ரசீதைப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு ஊதுவத்தி ஏற்றுகிற ஓர் அண்ணன். கதை நன்றாக இருப்பதாக எல்லாரும் சொன்னார்கள். அதற்கு ஒரு பரிசும் வந்தது. தம்பி தமிழ்ப் பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில் நான் இருந்தேன்.

2025 மாசியில் அந்தச் சிநேகிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வருவதாக ஏற்பாடு ஆயிற்று. தம்பி ஆட்டின் முன்சப்பை இரண்டு வாங்கி வந்தான். தொடை வேண்டாம், கொழுப்பும் சவ்வும் உள்ள சப்பைதான் இதற்குத் தாங்கும் என்று கறிக்கடை பாய் சொல்லியிருந்தார். மிளகு, உப்பு, கொஞ்சம் தட்டிய மல்லி, வேறொன்றும் பூசவில்லை. சனிக்கிழமை ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்தோம். பெரியவரும் எதிர்வீட்டுக் கேட்டைப் பூட்டிவிட்டு வந்தார். தணல் வைத்து, மூடி விளிம்பில் களிமண் பூசி, வால்வைக் குறைத்துக் குறைத்து நாலு மணிக்கு 112இல் நிறுத்தினார்கள். ஒரே ஒரு தடவை மூடியைப் பெயர்த்துக் கறியை வைத்துவிட்டு, மறுபடி பூசினார்கள். வெள்ளையாக வந்த புகை அரைமணியில் மெலிந்தது. மூடிக்கு மேலே ஓர் அங்குலத்துக்கு ஒன்றுமே தெரியவில்லை. அதற்கு மேலே லேசான நீலம். "அம்புட்டுத்தான்" என்று பெரியவர் தம் காவலுக்குப் போய்விட்டார்.

நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். கடற்கரைப் பக்கம் அலைச் சத்தம் கேட்டது. அது ஆமைகள் முட்டையிடுகிற மாதம். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரையில் ராத்திரியில் நடந்து ஆமை முட்டைகளைத் தேடிப் பத்திரப்படுத்துகிற மாணவர்கள் அந்த நேரத்தில் எங்கள் கரையைத் தாண்டிப் போயிருப்பார்கள். நான் முள்ளைப் பார்த்தேன். 113. என்னை அறியாமல் கை மூடிப் பக்கம் போயிற்று.

"அண்ணா."

"இல்ல, இல்ல. தொடல."

அவன் சிரித்தான். வந்த நாலு மாதத்தில் முதல் தடவை. பிறகு, நெருப்பைப் பார்த்துக்கொண்டே, "அந்தக் கதையை நான் படிச்சேன்" என்றான்.

எந்தக் கதை என்று கேட்கிற அளவுக்கு எனக்கு மனசு வரவில்லை.

"யார் அனுப்பினா?"

"யாரோ. அங்க ஒரு தமிழ்ச் சங்கம் இருக்கு. நல்லாருக்குன்னு எல்லாரும் படிச்சாங்க."

பிறகு அவன் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா காலமானதற்கு மூன்று வாரம் முந்தி அவனுக்கு வேலை போயிருக்கிறது. இந்தத் தடவை போன வேலை அல்ல, அதற்கு முந்தியது. அவன் இருந்த விசாவில், வேலை போனால் 60 நாள் அவகாசம். அந்த விதியே அந்த வருஷம் ஜனவரியில்தான் வந்ததாம். அதற்குள் வேறு வேலை கிடைக்க வேண்டும். நடுவில் நாட்டை விட்டு வெளியேறினால் அவகாசம் அதோடு சரி. திரும்பி உள்ளே போக முடியாது. அப்போது வீட்டுக் கடன் இருந்தது. பெண்டாட்டி இருந்தாள். அவள் பிறகு பிரிந்து போனது வேறு கதை. அதை நான் எழுத மாட்டேன்.

"சொல்லியிருக்கக் கூடாதாடா?"

"அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்போ சொல்லலாம்னு போன் பண்ணினேன். நீ எடுத்தே. பில்லு கட்டணும்னு சொன்னே. அப்புறம் எப்படிச் சொல்றது?"

"அந்தப் பணம்?"

"கடன் வாங்கினதுதான். ரெண்டு வருஷம் ஆச்சு அடைக்க."

நான் பேசாமல் இருந்தேன். ரசீதுக்கு முன்னால் ஊதுவத்தி ஏற்றிய இடத்தை எழுதியபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த வாக்கியத்தை மூன்று தடவை மாற்றி எழுதினேன்.

"அடுத்த பதிப்புல அந்தக் கதையை எடுத்துடச் சொல்றேன்" என்றேன் கடைசியில்.

"எடுக்க வேண்டாம். கதை நல்லாத்தான் இருக்கு." கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா ஒண்ணு. அதுல தம்பிக்குப் பால் ஆடை பிடிக்காதுன்னு எழுதியிருக்கே. அது மட்டும் பொய்" என்றான்.

எனக்கு அழுகை வந்தது. புகை கண்ணில் பட்டதாகச் சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை. அந்தப் பீப்பாயிலிருந்துதான் அன்றைக்குப் புகையே வரவில்லையே!

விடியற்காலையில் அவன் நாற்காலியிலேயே தூங்கிவிட்டான். நான் காவல் இருந்தேன். கறிக்குள் செருகியிருந்த கம்பி உஷ்ணமானியில் 68 டிகிரியில் வந்து நின்றுவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு அசையவே இல்லை. பீப்பாயோ 114இல் இருக்கிறது. கறி மட்டும் ஏன் ஏறவில்லை? எழுப்பலாமா என்று பார்த்தேன். இதுவும் அவன் முன்பே சொன்னதுதான்: கறியிலிருந்து ஈரம் வியர்த்து ஆவியாகும்போது, மண்பானை தண்ணீரைக் குளிர வைப்பது போல, தன்னையே குளிர வைத்துக்கொள்ளும். அந்தச் சமயத்தில் பொறுமையிழந்து துவாரத்தைத் திறந்தவர்கள்தான் கெட்டார்கள். நான் கையை முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏழரை மணிக்கு 69. பிறகு 71. என் மனைவி காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தம்பியின் மேல் ஒரு துண்டைப் போர்த்திவிட்டுப் போனாள்.

பத்து மணிக்குச் சப்பையை இறக்கி, வாழை இலையில் பொதிந்து ஒரு மணி நேரம் ஆற வைத்தோம். கடற்காற்று எழும்பினபோது பீப்பாய் காலி. எலும்பைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்தது. சிநேகிதர் வந்தார். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். எங்கள் அம்மா இருந்திருந்தால் சொல்லியிருக்கக்கூடியதை அப்படியே சொன்னார்: "எல்லாம் சரி, காரம் போதாது." யோசித்துச் சொல்வதாகப் போனவர், இரண்டு வாரம் கழித்து, இந்த வருஷம் கைவசம் பணம் இல்லை என்று போன் பண்ணிவிட்டார்.

பெரியவருக்கு ஒரு சப்பையில் பாதியை இலையோடு கொடுத்தோம். அவர் அதைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "நாங்க விறகத்தான் இப்படி வேக வச்சோம்" என்றார்.

தம்பி இப்போது பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருக்கிறான். சம்பளம் அங்கே வாங்கியதில் கால் பங்கு வருமாம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ராத்திரி பீப்பாய்க்கு நெருப்பு வைக்கிறோம். கடை விஷயம் இன்னும் பேச்சில் இருக்கிறது. வால்வைத் தொட எனக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. ஒரு தடவைக்குக் கால் திருகு. மூடியைத் தொட இன்னும் கிடைக்கவில்லை.